உன் முகம் போட்ட பை

என் அன்பு லூர்து அக்காவுக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. கோயில் நிறைந்திருந்தது. ஃபாதர் பிரசங்கத்தை நீட்டி முழக்கினார். நீ இருந்திருந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே அவரை முடிக்க வைத்திருப்பாய். பிறகு மண்டபத்தில் பிரியாணி. கறி சரியாக வேகவில்லை என்றாள் ஸ்டெல்லா. உன் தம்பி பெண்டாட்டி எந்தப் பந்தியில் குறை சொல்லாமல் எழுந்திருக்கிறாள்?

நல்ல செய்தி அவ்வளவுதான். இனிச் சொல்லப் போவதைக் கேட்டு என்மேல் கோபப்படாதே. நம் கோயில் குழுவின் சவரி அண்ணன் மேலும் கோபப்படாதே, பாவம், அவர் நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். அக்கா, உன் முகத்தைப் பையில் அச்சடித்துவிட்டார்கள்.

துணிப்பைதான். வெள்ளைப் பை, கெட்டியான கைப்பிடி. நடுவில் நீ, என் மகள் கல்யாணத்தில் எடுத்த படம், நீலச் சேலை, பல் தெரியச் சிரிப்பு. கீழே "லூர்தம்மாள் நினைவாக, ஏழைப் பிள்ளைகளுக்கு அன்புடன்" என்று சிவப்பு எழுத்து. ஜாலான் புசாரில் தனக்குத் தெரிந்த கடையில் கொடுத்து, சவரி அண்ணன் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தார். பூசை முடிந்ததும் பெட்டியைப் பிரித்து, முதல் பையை என் கையில் கொடுத்தார்.

நான் அழுதுவிட்டேன். எல்லோர் முன்னாலும் நின்று அழுதேன். ஒரு வருஷமாக வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டிருந்த முகம் அடுக்கடுக்காக அத்தனை இடத்தில் சிரித்தால் யாருக்குத்தான் மனது தாங்கும்? "உன் அக்காவ யாரும் மறக்கக் கூடாதுடா சூசை," என்றார் அவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு உன் டிராலி ஞாபகத்துக்கு வரவில்லை.

உன் டிராலியைப் பற்றி இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட கேன்டீனில் கடை வைத்திருந்த காலத்தில், இடைவேளையில் சாப்பாடு வாங்காமல் தண்ணீர்க் குழாயைச் சுற்றியே நிற்கும் பிள்ளைகளை நீ பார்த்து வைத்திருந்தாய். ஓய்வு பெற்றதும் கோயிலில் ஒரு குழு சேர்த்தாய். சனிக்கிழமை காலை மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம், மத்தியானம் சாப்பாடு, பிறகு அவர்கள் வீடுகளுக்கு அரிசி, முட்டை, பால் மாவு, மைலோ. எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று நீ ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. பெரும்பாலும் புக்கிட் மேராவில், ஓரறை வாடகை வீடுகள் இருக்கும் அடுக்குமாடி புளோக்குகள்.

அந்தச் சாமான்களை நீ கொண்டுபோன விதம் இருக்கிறதே! கிழவிகள் மார்க்கெட்டுக்கு இழுத்துப் போகிற இரண்டு சக்கர டிராலி. அதில் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே ஒரு கட்டு வெங்காயத்தாளைச் செருகுவாய். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெங்காயத்தாள் இல்லாவிட்டால் முருங்கைக்காய். பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு சொந்தக்காரி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறாள்.

போதாததற்குப் பொய் வேறு. காரிடாரில் நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாய். "வசந்தா! உன் சின்ன மாமியார் குடுத்து விட்டாங்க!" அடுத்த வாரம் சித்தப்பா கொடுத்தார். அதற்கடுத்த வாரம் தைப்பிங்கில் இருந்து அத்தை. எட்டு வீடு தள்ளியும் கேட்கும். வேனில் இருந்து கூட வந்த எனக்கு மானம் போகும்.

"கோயில்காரி இப்படிப் பொய் சொல்லலாமா?" என்று ஒருதரம் கேட்டேன்.

"அதெல்லாம் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுவேன்லா," என்றாய். "ஃபாதருக்கே பழகிப் போச்சு. நான் முழங்கால் போட்டதும், 'இந்த வாரம் மாமியாரா, சித்தப்பாவா'ன்னு கேக்குறாரு."

உன் நாடக ஆசை அது என்றுதான் நினைத்துக்கொண்டேன். நீ கேன்டீனிலேயே கூவிக் கூவிப் பழகியவள். நான் பஸ் ஓட்டியவன். வாயை மூடிக்கொண்டு முன்னால் பார்த்துப் பழகியவன்.

வசந்தா கதவைத் திறக்க நீ எத்தனை காலம் நடந்தாய் என்பது எனக்குத் தெரியும். துவாஸில் தங்கும் விடுதித் தொழிலாளர்களுக்குச் சமைக்கும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. விடியும் முன்னே போய்விட வேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஷாமினி, கீழே இரண்டு பையன்கள். அவர்களுடைய அப்பா எங்கே என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேணாம், நாங்க நல்லாத்தான் இருக்கோம்," என்று இரும்புக் கேட்டுக்குப் பின்னால் நின்றே சொல்லி அனுப்பிவிடுவாள். நீ விடாமல் போனாய். ஒருநாள் நீ வழக்கம்போல "உன் சித்தப்பா குடுத்து விட்டாரு!" என்று கத்த, அவள் கேட்டைத் திறந்து, காரிடார் முழுக்கக் கேட்கும்படி, "சித்தப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காரு, முட்டிவலிதான்!" என்றாய் நீ. அன்றைக்கு வேனில் ஏறி உட்கார்ந்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு குழறிய பிறகும் நீ என்னிடம் கேட்டது, "வசந்தா வீட்டுக்குப் போனியா?"

போனேன், அக்கா. நீ போன பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். கத்தவில்லை, அது எனக்கு வராது. சூப்பர்மார்க்கெட் பையில் போட்டு எடுத்துப் போய், கதவைத் தட்டி, கொடுத்துவிட்டு, ஓடி வந்துவிடுவேன். வசந்தாவும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொள்வாள். உன் டிராலியை ஸ்டெல்லா பால்கனியில் வைத்து அதில் கற்றாழைத் தொட்டியை ஏற்றிவிட்டாள்.

பூசைக்கு அடுத்த சனிக்கிழமை உன் பைகள் வீடு வீடாகப் போயின. நானே கொண்டுபோனேன், பெருமையாகத்தான். வசந்தா வாங்கிக்கொண்டாள். பையை ஒரு கணம் பார்த்தாள். "ஆன்ட்டி நல்லா சிரிக்கிறாங்க," என்றாள்.

அதன் பிறகு நீ எங்கே பார்த்தாலும் இருந்தாய். லிஃப்டில் ஒரு பாட்டி கையில் இருந்தாய். கோப்பிக் கடை நாற்காலியில் தொங்கினாய். காலி டின் பொறுக்கும் சீனப் பெரியவர் ஒருவர் உன்னைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனார். உனக்கு அது பிடித்திருக்கும். எனக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது.

வாரம் ஒரு பையாக ஐந்தாறு வாரம் போனது. அடுத்த சனிக்கிழமை வசந்தா வீட்டுக் கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே டிவி ஓடுகிற சத்தம். "வசந்தா," என்று கூப்பிட்டேன். டிவி நின்றுவிட்டது. சின்னவன் இருமுவது கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. யாரோ அவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பையைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது பை அங்கேயே தொங்கியது. முட்டை எல்லாம் வெயிலில். நீ அந்தக் காரிடாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ஷாமினி சனிக்கிழமைப் பாடத்துக்கும் வரவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டால் பிள்ளைகள் அப்படித்தான் என்றார்கள் குழுவில். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் புளோக்குக்குக் கீழே ஒருநாள் அந்த இரண்டு பையன்களும் ஒரே கப் நூடுல்ஸை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடா என்று கேட்டேன். பெரியவன் தலையாட்டினான். இரண்டு மாடி மேலே முட்டை வெயிலில் கிடக்கிறது, கீழே பிள்ளைகள் இப்படி. என்ன கோபம் இந்தப் பொம்பளைக்கு என்று வாய்விட்டே சொன்னேன்.

பதில் அந்த வாரமே வந்தது. பாடம் முடிந்து நான் மண்டபத்தில் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது ஷாமினி வாசலில் நின்றாள். கையில் உன் பைகள், எல்லாம். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்திருந்தாள். உன் முகம் மடிப்பில் விழாமல் பார்த்து மடித்திருந்தாள்.

"அங்கிள், அம்மா இத குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"ஏம்மா? பை கிழிஞ்சிருக்கா?"

"இல்ல அங்கிள், பை ஓகேதான்." காலை மாற்றி நின்றாள். "எங்க புளோக்ல எல்லாருக்கும் இந்த பேக் தெரியும். யார் யார் வீட்டுக்கு வருதுன்னு தெரியும். நான் ரொட்டி வாங்க இத எடுத்துட்டுப் போனேன். கீழ பசங்க, 'ஏய், ரேஷன் ஆன்ட்டி வந்துட்டாங்க'ன்னு கத்துறாங்க. ஸ்கூல்லயும் சொல்லிட்டாங்க. இப்ப என் பேரே ரேஷன்."

"ஆன்ட்டிய அப்படிச் சொன்னானுங்களா?" என்றேன், அதுதான் வாயில் வந்தது.

"ஒருத்தன அறைஞ்சிட்டேன் அங்கிள். என்னைச் சொன்னா பரவால்ல. ஆன்ட்டிய எப்படிச் சொல்லலாம்?"

"பிடிக்கலன்னா தூக்கிப் போட்டிருக்கலாமே, கண்ணு. இதுக்காகவா கதவைச் சாத்திக்கிட்டீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எப்படி அங்கிள் போடுறது? செத்தவங்க முகம். குப்பையில போடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. எடுத்துட்டுப் போகவும் முடியல, போடவும் முடியல. வாரா வாரம் ஒண்ணு வருது. அலமாரியில வச்சா தம்பி திறக்குறப்பல்லாம் ஆன்ட்டி பாக்குறாங்க. அம்மா அழுறாங்க. அதான் வேணாம்னுட்டாங்க."

சொல்லிவிட்டு, பைகளை என் கையில் கொடுக்காமல், மேசையைத் துடைத்து அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அக்கா, உன்னைக் குப்பையில் போட மனம் வராமல் ஒரு குடும்பம் பட்டினி கிடந்திருக்கிறது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

சவரி அண்ணனிடம்தான் சொன்னேன். குழுக் கூட்டத்தில், மேசைமேல் அந்த மடித்த பைகளை வைத்துவிட்டுச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "உன் அக்காவுக்குச் செஞ்ச மரியாதைடா அது," என்றார். "நான் என்ன என் முகத்தையா போட்டேன்?"

"அக்காவே வெங்காயத்தாள வச்சு மறைச்சுதானேண்ணே கொண்டு போகும்," என்றேன்.

சவரி அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவருக்கும் உன் டிராலி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதில் வெங்காயத்தாள் வாங்கிப் போட்டவர்களில் அவரும் ஒருவர்தானே. "நல்லது செய்யிறேன்னு அந்தப் பிள்ளை தலையில இப்படி ஒரு பேரைக் கட்டிட்டேனே," என்றார். இந்த மனுஷனையா நான் கோபித்துக்கொள்வேன்?

ஆனால் மண்டபத்தில் இன்னும் இரண்டு பெட்டி நிறைய உன் முகம் இருந்தது. எரிக்க முடியாது, கிழிக்க முடியாது, குப்பையிலும் போட முடியாது. வசந்தா வீட்டுச் சங்கடம் இப்போது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. கடைசியில் ஸ்டெல்லாதான் வழி சொன்னாள். "நாம அச்சடிச்சத நாமதான் சுமக்கணும். ஆளுக்கு நாலு எடுத்துட்டுப் போங்க. மீன் வாங்குங்க, ஆபீஸுக்குச் சாப்பாடு கொண்டு போங்க." குறை மட்டும்தான் சொல்லத் தெரியும் என்று அவளைச் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது தேக்கா மார்க்கெட்டுக்கு வந்து பார், அக்கா. பாடகர் குழு, பீடச் சிறுவர்களின் அம்மாக்கள், சவரி அண்ணன், ஏன், ஃபாதர்கூட உன்னைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறார்கள். போன ஞாயிறு உனக்குள் ஒரு மீன்தலையைப் போட்டு வந்தேன். நீலச் சேலையில் கொஞ்சம் ரத்தம் பட்டுவிட்டது. மன்னித்துக்கொள்.

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. வசந்தாவின் கதவு மூடித்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பால்கனியில் இருந்த உன் டிராலியில் கற்றாழையை இறக்கி வைத்தேன். ஒரு சக்கரம் இறுகிப் போயிருந்தது, எண்ணெய் விட்டேன். அரிசி, முட்டை, பால் மாவு, சின்னவனின் இருமலுக்கு ஒரு பாட்டில் தேன். மேலே வெங்காயத்தாள். ஸ்டெல்லா வந்து அதை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்து விட்டாள்.

புக்கிட் மேராவில் லிஃப்டை விட்டு இறங்கியதும் எனக்கு வியர்த்தது. நம்பு, வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் சத்தம் போட்டதில்லை. காரிடாரில் ஒரு மலாய்க்கார மாது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவன் ஷாமினியிடம் அறை வாங்கியவனாக இருக்கலாம். வசந்தாவின் கேட்டுக்கு முன்னால் நின்றேன். யார் கொடுத்ததாகச் சொல்வது? சித்தப்பாவா? தைப்பிங் அத்தையா? ஒன்றையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"வசந்தா!" என்று கத்தினேன். குரல் உடைந்து என் குரல் போலவே இல்லை. "உன் பெரியம்மா குடுத்து விட்டாங்க!"

பந்து நின்றது. துணி காயப்போட்ட மாது திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. திரும்பிவிடலாமா என்று டிராலியின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அப்போது உள்கதவு திறந்தது. வசந்தா நின்றாள். தலை வாரவில்லை, வேலைக்குப் போய்வந்த சட்டை. அவள் பார்வை டிராலிக்குப் போனது, வெங்காயத்தாளுக்குப் போனது, அப்புறம் எனக்கு வந்தது. கேட்டைத் திறந்தாள். சத்தமாக, எட்டு வீட்டுக்கும் கேட்கும்படிதான் கேட்டாள்.

"பெரியம்மா எப்படி இருக்காங்க?"

உன் வசனத்தை நான் பேச வேண்டிய இடம் அது, அக்கா. ஷாமினி அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்காங்க," என்றேன். "இப்பல்லாம் முட்டிவலிகூட இல்ல."

அன்று சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டதைச் சொன்னேன், ஸ்டெல்லாவிடம் எரிந்து விழுந்ததைச் சொன்னேன். புக்கிட் மேராவில் கத்தியதைச் சொல்லவில்லை. ஃபாதர் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். யோசித்துப் பார்த்தேன், அதில் பொய் எங்கே இருக்கிறது?

இனி எந்தப் பையிலும் உன் முகமும் இருக்காது, பேரும் இருக்காது. சனிக்கிழமை தவறாமல் வெங்காயத்தாளோடு போவேன், கத்துவேன், நீ நலமாக இருப்பதாக வசந்தாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். நீ இருந்தவரை உன் நாடகத்தில் ஊமையாக நடித்த,

உன் ஒரே தம்பி,
சூசை